அஞ்சு கட்டை

அந்த வயலினுக்கு ஒரே நாளில் இரண்டு சுருதி. காலையில் அவள் வாசிக்கும்போது ஒன்று, சாயங்காலம் நான் வாசிக்கும்போது இன்னொன்று. திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சாயங்காலச் சங்கு ஊதி, அப்பாவும் மற்றவர்களும் சைக்கிளில் கூட்டங்கூட்டமாக வெளியே வரும் நேரத்துக்கு நான் பள்ளிப் பையை வீட்டில் எறிந்துவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த அவர்கள் குவார்ட்டர்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பேன். முன்னறை மேசைமேல் பெட்டி திறந்தே இருக்கும். உள்ளே கறுப்பு வெல்வெட்டில் அந்த வயலின். பக்கத்தில் மடித்து வைத்த பழைய ஃபிளானல் துணி.

1971. எனக்குப் பத்து வயது. அவளுக்கும் பத்து.

வயலின் எனக்குக் கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும். திருவானைக்காவலிலிருந்து ஒரு பாட்டு வாத்தியார் வாரம் இரண்டு நாள் சைக்கிளில் எங்கள் காலனிக்கு வருவார். நாலைந்து வீடுகளில் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, அம்மா தரும் மோரைக் குடித்துவிட்டுச் சுருதிப் பெட்டியைத் திறப்பார். ஒருநாள் அப்பாவிடம், "இவளுக்குக் காது நன்னா இருக்கு. ஒரு பிடில் வாங்கிக் குடுங்கோ" என்றார். அப்பா தலையாட்டினார். ஃபிட்டர் சம்பளத்தில் அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரியும்.

தாத்தா அதை மனதில் வைத்திருந்தார். அவருக்கு ஒரு சிநேகிதர். ஆங்கிலோ இந்தியர், ஓய்வு பெற்ற ரயில் டிரைவர், கார்டு வேலையில் இருந்த மகனோடு வசித்தார். தினமும் மாலை இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து ரயில்வே காலனிகளில் ஆங்கிலோ இந்தியர்களுக்கு ஒரு இன்ஸ்டிட்யூட், மற்ற இந்தியர்களுக்கு ஒரு இன்ஸ்டிட்யூட் என்று பொழுதுபோக்கு மன்றம்கூடத் தனித்தனி. வேலையில் இருந்தவரை இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்ததில்லை. பென்ஷன்தான் அவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது.

தாத்தா சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னாராம்: "என் வீட்டுல ஒண்ணு இருக்கே, மேன். பேத்தி காலைல வாசிக்கிறா. சாயங்காலம் சும்மாதானே கிடக்குது? உன் பேத்திய அனுப்பு."

இப்படித்தான் ஒரு வயலின், இரண்டு பிள்ளைகள்.

முதல் நாள் வாத்தியாரும் கூட வந்தார். வீட்டுக்குள் வரத் தயங்கி வாசலிலேயே நின்றார். டிரைவர் தாத்தா ஒரு பாயை எடுத்து வந்து வராந்தாவில் விரித்துவிட்டு, தான் நாற்காலியை விட்டு எழுந்து படியில் உட்கார்ந்துகொண்டார். வாத்தியார் வயலினை வாங்கிக் கம்பிகளை மீட்டிப் பார்த்தார். ஜி, டி, ஏ, ஈ என்று அவர்கள் முறைப்படி சேர்த்திருந்தது. நமக்கு வேண்டியதோ ச, ப, ச, ப.

"குழந்தைக்கு என்ன சுருதி?" என்று டிரைவர் தாத்தா கேட்டார்.

"அஞ்சு கட்டை."

"அப்படின்னா?"

வாத்தியார் விளக்கினார். ஹார்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை எண்ணிக்கொண்டு வந்தால் ஐந்தாவது. டிரைவர் தாத்தா விரலை மடக்கி எண்ணினார். சி, டி, ஈ, எஃப், ஜி. "ஜி! அப்போ பாதி வேலை முடிஞ்சுதே!" என்று தொடையில் தட்டினார்.

உண்மையிலேயே பாதி வேலை முடிந்துதான் இருந்தது. தடித்த கம்பிகள் இரண்டும் ஜி, டி. அஞ்சு கட்டைக்கு அவையே ச, ப. தொடவே வேண்டாம். மெல்லிய கம்பிகள் இரண்டை மட்டும் ஆளுக்கு ஒரு கட்டை இறக்கினால் ஏ ஜி-யாகும், ஈ டி-யாகும். ச, ப, ச, ப. பிரடையை வாத்தியார் திருகத் திருக ஏ கம்பி இறங்கி, கீழ்க் கம்பியோடு ஒட்டிக்கொண்ட கணத்தில் மரம் முழுவதும் ஒருமுறை முனகியது. படியில் உட்கார்ந்திருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வயலினை யாரோ வேறு குரலில் பேச வைக்கிறார்கள் என்ற கோபம் அவள் முகத்தில் இருந்தது.

அந்தக் கோபத்துக்கு ஒரே வாரத்தில் நான் காரணமும் கொடுத்தேன். கமகத்துக்கு விரல் கம்பிமேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்காக இடக்கை விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லியிருந்தார் வாத்தியார். நான் ஒரு சொட்டோடு நிறுத்தவில்லை. மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். "கம்பியெல்லாம் எண்ணெய்! வில்லும் எண்ணெய்! சத்தமே வரல, தெரியுமா?" கத்திவிட்டுத் திரும்பிப் போனாள். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மூன்று நாள் நான் போகவில்லை. நான்காம் நாள் டிரைவர் தாத்தா ஆள் அனுப்பினார். போனால், இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து ஃபிளானல் துணியை நடுவில் போட்டார்.

"ரெண்டு ரூல்தான். வாசிச்சு முடிச்சவங்க துடைச்சு வைக்கணும். அப்புறம், அடுத்தவங்களுக்குச் சுருதி சேர்த்து வச்சுட்டுத்தான் போகணும்."

இரண்டாவது ரூல் எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. அவரே விளக்கினார். சாயங்காலம் நான் முடித்ததும் கம்பிகளை அவள் முறைக்கு ஏற்றி வைக்க வேண்டும். காலையில் அவள் முடித்ததும் என் முறைக்கு இறக்கி வைக்க வேண்டும். தனக்கு வேண்டிய சுருதியைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை, அடுத்தவருக்குச் சேர்த்துப் பார் என்றார்.

எனக்கு அது எட்டாத காரியமாக இருந்தது. ச-வோடு ச சேர்வது தெரியும், ச-வோடு ப சேர்வதும் தெரியும். ஏ, ஈ என்றால் என்ன? அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "உன் 'ப' இருக்குல்ல, டி? இப்போ அதை 'ச'ன்னு நினைச்சுக்கோ. அதுக்கு ஒரு 'ப' தேடு. அதுதான் ஏ. அந்த ஏ-வை மறுபடி 'ச'ன்னு நினைச்சுக்கோ. அதுக்கு ஒரு 'ப'. அதுதான் ஈ."

படிக்கட்டு மாதிரி. நின்ற இடத்தையே ஆதாரமாக வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு ஏறுவது. சட்ஜமம் என்றால் அசையாதது, அதை விட்டு நகரவே கூடாது என்று கற்றிருந்த எனக்கு முதலில் தலை சுற்றியது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஓர் எச்சரிக்கையை மட்டும் நான் சரியாகக் கேட்கவில்லை. ஈ கம்பி மெல்லியது, மெதுவாக ஏற்ற வேண்டும். ஒருநாள் அவசரமாகத் திருகினேன். 'டங்' என்று அறுந்து கன்னத்தில் சுரீரென்று அடித்தது. டவுனிலிருந்து புதுக் கம்பி வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க அவள் மூன்று கம்பியிலேயே வாசித்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் சிநேகிதிகள்.

நான் போகும் நேரத்தில் அவளும் வந்து பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். பாயில் கால் மடக்கி, வயலினின் தலைச்சுருளை வலது கணுக்காலில் ஊன்றி நான் வாசிப்பதை உற்றுப் பார்ப்பாள். அவள் நின்றபடி மோவாய்க்கட்டையின் கீழ் வைத்து வாசிப்பவள். அவள் கழுத்தில் இடப்பக்கம் ஒரு சிவந்த தழும்பு. என் கணுக்காலில் ஒரு கறுத்த தழும்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வோம்.

சரளி வரிசை வாசிக்கும்போது ஒருநாள் கேட்டாள். "உங்க 'ரி' ஏன் 'ச'வை ஒட்டிக்கிட்டே நிக்குது? பயமா அதுக்கு?" மாயாமாளவகௌளையின் ரிஷபம் அது. அவள் காதில் அப்படி விழுந்தது. நான் வாத்தியாரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "அவாளுக்குச் சங்கராபரணம்தான் பழக்கம். அதையே வாசிச்சுக் காட்டு, ஒட்டிப்பா" என்றார். வாசித்துக் காட்டினேன். நாலாவது ஸ்வரம் வருவதற்குள், "இது எங்க ஜி மேஜர்!" என்று குதித்தாள்.

அந்தச் சங்கராபரணத்தின் பெயரால்தான் ஒரு மாலை முழுக்க அவர்கள் வராந்தாவில் கழிந்தது. வாத்தியார் அன்று முத்துஸ்வாமி தீட்சிதரின் கதையைச் சொன்னார். தீட்சிதர் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த காலத்தில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டதும், தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றதும், அந்த மெட்டுகளுக்கு அண்ணன் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதியதும். நோட்டு ஸ்வரங்கள் என்று சங்கராபரணத்தில் நாற்பது உருப்படிகள் அளவுக்கு இருக்கின்றன என்றார். "இந்த பிடிலே அப்படித்தான் நம்மகிட்ட வந்தது. அவாகிட்டேர்ந்து வாங்கி, உட்கார்ந்து வாசிச்சோம். அவ்வளவுதான்."

டிரைவர் தாத்தாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. "என்ன மெட்டு? ஒண்ணு பாடுங்க, மாஸ்டர்."

வாத்தியார் 'சந்ததம் பாஹிமாம்' பாடினார். இரண்டு வரி போவதற்குள் டிரைவர் தாத்தா வயலினை எடுத்துக்கொண்டு கூடவே வாசிக்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு அந்த மெட்டு மனப்பாடம். 'காட் சேவ் தி கிங்.' பிரிட்டிஷ் ராஜாவின் கீதம்.

என் தாத்தா எழுந்துவிட்டார்.

அவர் நாகப்பட்டினத்துக்காரர். அங்கிருந்த ரயில்வே ஒர்க்‌ஷாப்பை 1928-இல் பொன்மலைக்கு மாற்றியபோது, அதோடு கூட வந்து சேர்ந்தவர். 1946 செப்டம்பர் 5 அன்று வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த நாளில் தாத்தா அங்கே இருந்தார். வருஷா வருஷம் அதே தேதியில் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு அஞ்சலிக்குப் போவார், திரும்பி வந்து யாரோடும் பேசமாட்டார். அவருக்கு அந்த மெட்டு எதை நினைவுபடுத்தியது என்று எனக்கு அப்போது தெரியாது. முகம் மட்டும் தெரிந்தது.

டிரைவர் தாத்தா வில்லை நிறுத்திவிட்டார். வாத்தியார் நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்தி, இன்னும் நிதானமாக, அம்பாளைப் பார்த்துக் கெஞ்சுகிற மாதிரி அதே மெட்டை முதலிலிருந்து எடுத்தார். மூன்று மூன்றாக நடக்கும் தாளம். தாத்தா படியிறங்கப் போனவர் நின்றார். சரணம் முடியும்வரை நின்றார். பிறகு வந்து உட்கார்ந்து, "இது நம்ம பாட்டா?" என்று கேட்டார்.

"இப்போ நம்ம பாட்டு" என்றார் வாத்தியார்.

தாத்தா சிநேகிதரைப் பார்த்துத் தலையசைத்தார். "நீயும் வாசிப்பா."

மார்கழியில்தான் எங்கள் இரு வீடும் தூக்கம் தொலைக்கும். டிசம்பர் பிறந்ததும் அவர்கள் பக்கம் கேரல் ஒத்திகை தொடங்கிவிடும். பதினாறாம் தேதி வாக்கில் மார்கழி பிறக்கும், எங்கள் பக்கம் பஜனை. அதிலிருந்து கிறிஸ்துமஸ் வரை ஒரே காலனியில் ராத்திரி பெட்ரோமாக்ஸ் விளக்கோடு ஒரு கூட்டம் பாடிக்கொண்டு போகும், விடியற்காலை இருட்டில் ஜால்ராவோடு இன்னொரு கூட்டம் பாடிக்கொண்டு வரும். அவர்கள் வீட்டில் கலகலாவும் அச்சு முறுக்கும் சுடுவார்கள். அச்சு முறுக்குக்கு அவர்கள் பெயர் ரோஸ் குக்கி. எங்கள் வீட்டில் வெண்பொங்கல். 1972 மார்கழியில் நானும் அவளும் இரண்டு கூட்டத்திலும் இருந்தோம்.

'சைலன்ட் நைட்' வார்த்தைகளை நான் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். முப்பது திருப்பாவையையும் அவள் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத வராது. 'ழ' வருமிடத்திலெல்லாம் சிவப்பு மையால் ஒரு கோடு.

கேரல் ஒத்திகையில் எனக்கு ஒரு சோதனை காத்திருந்தது. நான் அவளோடு சேர்ந்து அவள் பாடுவதையே பாடினேன். டிரைவர் தாத்தா கிதாரைத் தட்டி நிறுத்தினார். "நோ, நோ. அது அவ பார்ட்டு. உனக்கு வேற." அவள் பஞ்சமத்தில் எடுப்பாள், நான் காந்தாரத்தில் எடுக்க வேண்டும். பாட்டு முழுக்க அவளுக்குக் கீழே, கூடவே, வேறொரு ஸ்வரத்தில் போக வேண்டும்.

பக்கத்தில் இருப்பவர் பாடும் ஸ்வரத்தோடு ஒன்றிப்போவதுதான் சேர்ந்து பாடுவது என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். ஒரு நூலிழை விலகினாலும் வாத்தியார் விரலால் தரையைத் தட்டுவார். வேண்டுமென்றே விலகி நிற்பது எப்படி? காந்தாரத்தில் தொடங்குவேன், நாலு அட்சரம் போனதும் குரல் தானாக அவள் பஞ்சமத்துக்கு ஏறிப் போய் ஒட்டிக்கொள்ளும். காதைப் பொத்திக்கொண்டு பாடிப் பார்த்தேன். "காதை மூடினா எப்படி? அவளைக் கேளு. நல்லாக் கேளு. ஆனா உன் இடத்துல நில்லு" என்றார் டிரைவர் தாத்தா. பிறகு அந்தப் பாட்டின் கதையைச் சொன்னார். 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி, ஆஸ்திரியாவில் ஒரு சின்ன ஊர்த் தேவாலயத்தில், கிதாரோடு இரண்டே பேர் சேர்ந்து முதன்முதலில் பாடிய பாட்டு. "ரெண்டு பேர், ஒரு கிதார். போதும். நீங்களும் ரெண்டு பேர்தானே?"

எட்டு நாள் கழித்து ஒரு ராத்திரி அது நடந்தது. என் குரலை நான் கேட்டேன், அவள் குரலையும் கேட்டேன், இரண்டுமில்லாத மூன்றாவதாக ஏதோ ஒன்று அறைக்குள் நின்றது. வயலினில் இரண்டு கம்பி சேரும்போது மரம் முனகுமே, அது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் பாடிக்கொண்டே என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

எங்கள் வாசலுக்குக் கேரல் வந்த ராத்திரி தாத்தா மஃப்ளர் சுற்றிக்கொண்டு வெளியே வந்து நின்று முழுவதும் கேட்டார். மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எல்லாரும் ஒண்ணா பாடுறப்ப நீ மட்டும் ஏன் விலகிப் போன?"

"விலகல தாத்தா. அது என் பார்ட்டு."

"ம்" என்றார். அவருக்குச் சம்மதமில்லை என்று தெரிந்தது.

ஆனால் அவள் பஜனைக்கு வந்தபோது துணை நின்றவரும் அவர்தான். கோயில் பாட்டுக்கு அந்தப் பிள்ளை எதற்கு என்று முணுமுணுத்தவர் ஒருவர் இருந்தார். "பாடத்தானே வருது? பாடட்டும்" என்றார் தாத்தா, ஜால்ராவை அவள் கையில் கொடுத்துவிட்டு. நாலரை மணிப் பனியில் ஸ்வெட்டரும் ஸ்கர்ட்டுமாக, தலைக்கு என் தாவணி ஒன்றைப் போர்த்திக்கொண்டு நிற்பாள். ஒருவர் எடுத்துக்கொடுக்க எல்லோரும் திருப்பிப் பாடும் நாமாவளி அவளுக்கு முதல் நாளே வந்துவிட்டது. அவர்கள் தேவாலயத்திலும் பிரார்த்தனை மாலையை அப்படித்தான் சொல்வார்களாம். வராதது கமகம். அவளுக்கு ஒரு ஸ்வரம் என்றால் ஆணி அடித்தது போல ஓரிடம். நாங்கள் பாடுவதோ அந்த இடத்தைச் சுற்றி அசைந்துகொண்டே இருப்பது. "எங்க நிறுத்தணும்னு சொல்லு" என்பாள். நிறுத்தக் கூடாது என்பதை எப்படிச் சொல்வது? கடைசியில் அவள் கையைப் பிடித்து, நான் பாடும்போது குரல் போகிற போக்கை அவள் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினேன். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

டிரைவர் தாத்தாவும் எங்கள் பக்கம் சாயத் தொடங்கியிருந்தார். திருச்சி வானொலியில் லால்குடி ஜெயராமன் கச்சேரி என்றால் தாத்தாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து ரேடியோப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். "வில்லைத் திருப்புற இடமே தெரியலையே, மேன்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார்.

1974 கோடையில் அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அப்போது காலனியிலிருந்து இப்படிக் குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியா தன் கதவைத் திறந்துவிட்டிருந்த சமயம். இவர்களுக்கு பெர்த் நகரத்தில் சொந்தக்காரர்கள். நாற்காலி, மேசை, கட்டில், அலமாரி எல்லாம் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. வயலினும் கிதாரும் மட்டும் மிஞ்சின.

கடைசி மாலை சங்கு ஊதியதும் வழக்கம்போல் ஓடினேன். மேசை இல்லை. ஜன்னல் திண்டில் பெட்டி. சிமென்ட் தரையில் உட்கார்ந்து வாசித்தேன், வெற்று அறையில் சத்தம் இரண்டாக எதிரொலித்தது. முடித்ததும் கம்பிகளைத் துடைத்தேன். டி-யை ச-வாக நினைத்து ஏ. ஏ-வை ச-வாக நினைத்து ஈ. மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "சரியா இருக்கா?" என்று கேட்டேன். நான்கையும் ஒருமுறை மீட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். மறுநாள் காலை எனக்காக அதை யாரும் இறக்கி வைக்க மாட்டார்கள் என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது.

ஜங்ஷனில் வண்டி கிளம்பும்போது டிரைவர் தாத்தா ஜன்னல் வழியாக என்ஜின் பக்கம் எட்டிப் பார்த்தார். "இதே லைன்ல மெட்ராஸுக்கு எத்தனை தடவை வண்டி கொண்டுபோயிருக்கேன். பாசஞ்சரா போறது என்னமோ மாதிரி இருக்கு, மேன்." தாத்தா பதில் சொல்லவில்லை. வண்டி நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

நவம்பரில் ஒரு நீல நிறக் கடிதம் வந்தது. அங்கே டிசம்பர் என்றால் நம்ம ஊர் சித்திரை வெயிலாம், வேர்த்துக்கொண்டே கேரல் பாட வேண்டுமாம். கடைசி வரி மட்டும் தமிழ், இங்கிலீஷ் எழுத்தில்: நீ இன்னும் அஞ்சு கட்டைதானா?

அந்த மார்கழி முதல் நாள். தாத்தாவுக்கு இருமல் தொடங்கியிருந்தது, ஆனாலும் முன்னால் நடந்தார். பனியில் விளக்குகள் மங்கித் தெரிந்தன. அவர்கள் இருந்த தெருவில் திரும்பினோம். வீட்டில் வேறு யாரோ குடிவந்திருந்தார்கள், வாசலில் கோலம். தாத்தா ஒரு நாமாவளி எடுத்துக்கொடுத்தார். சங்கராபரணம். எல்லோரும் திருப்பிப் பாடினார்கள். நானும் பாடினேன். பாதி வரியில்தான் தெரிந்தது, எல்லோரும் பஞ்சமத்தில் இருக்க என் குரல் தனியாகக் காந்தாரத்தில் நின்றுகொண்டிருந்தது.

பயந்து நிறுத்திவிட்டேன். தாத்தாவின் ஜால்ராவும் நின்றது. கூட்டம் நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அந்த வீட்டு வாசலைப் பார்த்தார்.

"அந்த வரியை மறுபடி எடுக்கிறேன்" என்றார். "உன் பார்ட்டை விடாமப் பாடு."